தோட்டத்திலிருந்து கணிப்பு விஞ்ஞான முதுமாணி வரை: போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

ஜேர்மனியில் முதுமாணிக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, “கம்பியூட்டர் திருத்துற படிப்பா தம்பி?” என்பதுதான். ஹட்டன் டவுனில் எங்கள் பெரியப்பா மகன் கடை போட்டு கம்பியூட்டர் திருத்துகிறான். அதற்காக அவன் எந்த நாட்டுக்கும் போகவில்லை. அம்மாவின் குழப்பம் நியாயமானது. விண்ணப்பிக்கிற பிள்ளைகளில் பாதிப்பேருக்கும் இதே குழப்பம் வேறு வடிவத்தில் இருக்கிறது. மென்பொருள் வேலைக்கான படிப்பு என்று நினைத்து விண்ணப்பித்துவிட்டு, முதல் வாரத்தில் வகையீட்டுச் சமன்பாட்டைப் பார்த்து மிரண்டுபோனவர்களை எனக்குத் தெரியும்.

அன்று அம்மாவுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். தேயிலைப் பெக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியை நினைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கொழுந்தின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். கீழிருந்து காற்றை ஊதி இரவு முழுக்க அதை வாட்டுகிறார்கள். அடியில் கிடக்கிற கொழுந்து முதலில் காயும், மேலே கிடப்பது பிந்தும். எப்போது காற்றைக் குறைப்பது, எப்போது கிளறிவிடுவது என்பது அனுபவம் உள்ளவரின் கைக்குத் தெரியும். இதையே கணக்காகச் செய்ய விரும்பினால், கொழுந்துப் படுக்கையை மெல்லிய அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலும் எவ்வளவு ஈரம் காற்றுக்குப் போகிறது, காற்று எவ்வளவு குளிர்கிறது என்று சமன்பாடு எழுதி, விடியும்வரை நிமிடத்துக்கு நிமிடம் கணினியில் கணித்துப் பார்க்கலாம். இதுதான் கணிப்பு விஞ்ஞானம். கம்பியூட்டேஷனல் சயன்ஸ் என்று எல்லோரும் சொல்வது. கணினி இதில் மண்வெட்டி மாதிரி. வெட்டப்படுகிற மண் பௌதிகவியலாகவோ இரசாயனவியலாகவோ உயிரியலாகவோ இருக்கும்.

ஆகவே கணினி விஞ்ஞானம் படித்தவர்கள் மட்டும் போகிற இடம் இல்லை இது. கணிதம், பௌதிகவியல், புள்ளிவிபரவியல், பொறியியல் படித்தவர்களுக்கும் இடம் உண்டு. சொல்லப்போனால் இணைந்த கணிதத்தில் ஊறி வந்தவர்களுக்கு நிரல் எழுதக் கற்பது சுலபம். நிரல் மட்டும் தெரிந்தவர்களுக்குக் கணிதத்தைப் பின்னால் பிடிப்பது கடினம். இது என் அபிப்பிராயம்தான், ஆனால் வகுப்பில் கண்ணால் பார்த்தது.

முதல் வேலை: ஒரு கணக்கைத் தொடங்கி முடியுங்கள்

விண்ணப்பப் படிவத்தைத் திறக்க முன் இதைச் செய்யுங்கள். சான்றிதழ் கோர்ஸ் பத்துச் செய்து பத்துப் பிடிஎஃப் சேர்ப்பதைவிட, சொந்தமாக எழுதி, பிழை பிடித்து, சரியென்று நிரூபித்த ஒரு சின்னக் கணிப்பு மேல். தெரிவுக் குழுவுக்கும் அது தெரியும், உங்களுக்கும் உங்களைப் பற்றித் தெரியவரும்.

நான் செய்தது இது. ஒரு மீற்றர் நீளச் செப்புக் கம்பி. ஒரு நுனி 100 பாகையில், மறு நுனி 0 பாகையில், நடுப்பகுதி தொடக்கத்தில் முழுக்க 0. வெப்பம் எப்படிப் பரவுகிறது? கம்பியை ஒரு சென்ரிமீற்றர் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் வெப்பநிலையையும் பக்கத்துத் துண்டுகளை வைத்து அடுத்த நொடிக்குக் கணிக்க வேண்டும். பைத்தன் என்ற நிரல் மொழியில் இருபது வரிகூட வராது. நான் நேரப் படியை ஒரு செக்கன் என்று வைத்தேன். ஓடவிட்டேன். கம்பியின் வெப்பநிலை முதலில் மறை எண்ணானது, பிறகு ஆயிரங்கள், பிறகு கோடிகள். இரண்டு நாள் நிரலில் பிழை தேடினேன். நிரலில் பிழையே இல்லை.

பிரச்சினை வேறு. இந்த முறையில் நேரப் படிக்கு ஓர் எல்லை இருக்கிறது: துண்டின் நீளத்தின் வர்க்கத்தை, வெப்பப் பரவல் குணகத்தின் இருமடங்கால் வகுத்தால் வருவதுதான் அந்த எல்லை. செப்புக்கு, ஒரு சென்ரிமீற்றர் துண்டுக்கு, அது அரை செக்கனுக்கும் சற்றுக் குறைவு. அதைத் தாண்டினால் கணக்கு வெடிக்கும். 0.4 செக்கன் வைத்ததும் எல்லாம் அடங்கிவிட்டது. இரண்டு மணித்தியாலத்துக்குச் சமனான நேரம் ஓடவிட்டால் 18,000 படிகள். கம்பியின் நடுவில் 50 பாகைக்கு மிக அருகில் வந்து நின்றது. நுனிக்கு நுனி நேர்கோடாக இறங்குவதுதான் இறுதி நிலை என்று கையால் தீர்த்தாலே வரும், ஆகவே விடை சரி. பத்து வருடப் பழைய லெப்டொப்பும் இதைத் தாராளமாகச் செய்யும்.

அடுத்து துண்டை அரைச் சென்ரிமீற்றராக்கிப் பாருங்கள். துண்டுகள் இரண்டு மடங்கு, நேரப் படி காற்பங்கு, மொத்த வேலை எட்டு மடங்கு. இதையே முப்பரிமாணத்தில் செய்தால் 32 மடங்கு. பெரிய கணினிகள் எதற்கு என்ற கேள்விக்கு விடை அந்த இடத்திலேயே கிடைத்துவிடும். அதை ஒரு விரிவுரையில் கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு ஆழமாக ஏறியிருக்காது.

செய்ததை இரண்டு பக்க அறிக்கையாக எழுதுங்கள். வெடித்ததையும் ஏன் வெடித்தது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். நிரலை, மற்றவர்களும் பார்க்கக்கூடிய கிட்ஹப் தளத்தில் போடுங்கள். எழுதுவதற்கு, சமன்பாடுகளை ஒழுங்காக அச்சிடுகிற லேடெக்ஸ் மென்பொருளைப் பழகிக்கொண்டால் பிறகு ஆய்வேட்டுக்கும் உதவும்.

நம் ஊரோடு ஒட்டிய கணக்கு வேண்டுமானால் மழையை எடுங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது நம் எல்லோருக்கும் தெரியும். சரிவு ஒன்று நிற்பதும் விழுவதும், மண்ணைப் பிடித்துவைக்கும் விசைக்கும் கீழே இழுக்கும் விசைக்கும் உள்ள விகிதம். மழைநீர் மண்ணுக்குள் இறங்கி நுண்துளைகளில் அழுத்தம் ஏறும்போது பிடிக்கிற விசை குறைகிறது. விகிதம் ஒன்றுக்குக் கீழே போனால் சரிவு. ஒரு பரிமாணத்தில் இதை எழுதுவது செப்புக் கம்பிக் கணக்கின் அண்ணன் மாதிரித்தான். மழைக்கு, சேர்ப்ஸ் என்ற இலவசத் தரவுத்தொகுப்பு 1981 இலிருந்து கிடைக்கிறது. ஒரு கட்டம் ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றர் அகலம். நம் மலைகளில் ஐந்து கிலோமீற்றருக்குள் இரண்டு பள்ளத்தாக்கும் ஒரு முகடும் அடங்கிவிடும், முகட்டின் இந்தப் பக்கம் கொட்டுகிற மழை அந்தப் பக்கம் இருக்காது. இந்தக் குறையைக் கண்டுபிடித்து அறிக்கையில் எழுதினாலே நீங்கள் பாதி ஆராய்ச்சியாளர்.

உள்நாடா, வெளிநாடா

எல்லோரும் வெளிநாடு போக வேண்டியதில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவனம் 1996 இலிருந்து இயங்குகிறது. புள்ளிவிபரவியல், கணினி விஞ்ஞானம், தரவு விஞ்ஞானம் என்று நம் துறைக்குப் பக்கத்துப் பாடங்களில் முதுமாணி அங்கே உண்டு. வகுப்புகள் பெரும்பாலும் சனி, ஞாயிறு. பாடசாலையில் கற்பிக்கிறவர்களுக்கும் குடும்பத்தை விட்டு நகர முடியாதவர்களுக்கும் இது நல்ல வழி. என்னோடு கற்பித்த ஓர் ஆசிரியை அப்படித்தான் முடித்தார். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் போகிற பஸ்ஸில் சனிக்கிழமை காலை வகுப்புக்குப் போய்ச் சேர்வது நிச்சயமில்லை என்று, வெள்ளி இரவே கம்பளையில் அக்கா வீட்டில் தங்கிவிடுவார். இரண்டு வருடம் ஒரு கல்யாண வீட்டுக்கும் போகவில்லை என்று இன்றைக்கும் சொல்வார்.

ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் பாடநெறி மட்டும் கொண்ட முதுமாணி 9 ஆம் மட்டம், 30 திறமைப்புள்ளிகள், அதாவது கிரெடிட். ஆய்வும் சேர்ந்தது 10 ஆம் மட்டம், 60 திறமைப்புள்ளிகள். பின்னால் கலாநிதிப் பட்டத்துக்குப் போகிற யோசனை இருந்தால் ஆய்வுள்ளதை எடுங்கள். ஒரு வருடம் மிச்சம் என்று குறுகியதை எடுத்துவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் அதிகம்.

வெளிநாடு என்றால் இந்தப் பெயரிலேயே பாடநெறி நடத்துகிற இடங்கள் பல. பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகம், சுவீடனில் உப்சாலா, சுவிற்சர்லாந்தில் சூரிச் ஈ.ரீ.எச், முனிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், இந்தியாவில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம். ஜேர்மனியில் கட்டணமே இல்லை என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. முழுக்க உண்மை இல்லை. பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலம் 2017 இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. முனிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் தொடங்கிவிட்டது. மற்ற மாநிலங்களின் அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் சிறிய பருவக் கட்டணம் மட்டுந்தான்.

பாடநெறியின் பெயரை நம்ப வேண்டாம். பாடப் பட்டியலைத் திறந்து, முதல் பருவத்தின் கட்டாயப் பாடங்களைப் பாருங்கள். எண்சார் முறைகள், பகுதி வகையீட்டுச் சமன்பாடுகள், சமாந்தரக் கணிப்பு (ஒரே கணக்கைப் பிரித்து ஒரே நேரத்தில் கணிப்பது) இருந்தால் அது நாம் பேசுகிற விஷயம். முழுக்க இயந்திரக் கற்றல் இருந்தால் அது தரவு விஞ்ஞானம். அதுவும் நல்லதுதான், ஆனால் வேறு படிப்பு.

உங்கள் புள்ளி அங்கே என்ன புள்ளி

ஜேர்மனியில் 1.0 தான் உச்சம், 4.0 சித்தியின் கடைசிப் படி. நம் புள்ளிச் சராசரியை அதற்கு மாற்ற ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். உச்சப் புள்ளியிலிருந்து உங்கள் புள்ளியைக் கழியுங்கள். உச்சத்துக்கும் சித்திக்குத் தேவையான ஆகக் குறைந்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தால் அதை வகுங்கள். மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். உச்சம் 4.0, சித்தி 2.0, உங்கள் சராசரி 3.2 என்றால்: 0.8 ஐ 2 ஆல் வகுக்க 0.4, மூன்றால் பெருக்க 1.2, ஒன்றைக் கூட்ட 2.2. பல பாடநெறிகள் 2.5 வரை ஏற்கின்றன, ஆகவே 3.2 உள்ளவர் தைரியமாக விண்ணப்பிக்கலாம். இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவு என்று சொல்லிக்கொண்டு முயற்சியே செய்யாமல் இருந்த நண்பர் ஒருவருக்கு இந்தக் கணக்கைத் துண்டில் எழுதிக் காட்டித்தான் விண்ணப்பிக்க வைத்தேன்.

மூன்று வருடப் பொதுப் பட்டம் வைத்திருப்பவர்கள் விண்ணப்பக் கட்டணம் செலுத்த முன் பாடநெறி இணைப்பாளருக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். நான்கு வருட விசேட பட்டத்துக்கு இந்தச் சிக்கல் குறைவு. நான்கு வரியில் கேளுங்கள்: என்ன பட்டம், எத்தனை வருடம், எத்தனை திறமைப்புள்ளி, கணிதப் பாடங்கள் எவை. பதில் வந்தால் சேமித்துவைத்து விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

ஆவணங்கள்

இதற்கு நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கள். ஏன் என்று என் கதையே சொல்லும். என் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி. அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. பட்டச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது புதிதல்ல; பிள்ளையின் பெயரை ஒருவர் சொல்ல, இன்னொருவர் தனக்குக் கேட்டபடி வேறொரு மொழியில் எழுத, எழுதியதே பெயராகிவிட்ட காலம் அது. அலுவலகம் ஒன்றில் “இது வேறு ஆள்” என்று படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். சத்தியக் கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரிடம் கடிதம் வாங்கி, மறுபடி போய் நின்று, ஆறு கிழமை போனது.

ஆகவே இன்றைக்கே செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, உயர்தரப் பெறுபேறு, பட்டச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பி, ஆங்கில எழுத்தில் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று சத்தியக் கடதாசி ஒன்றை முன்கூட்டியே எடுத்துவையுங்கள். இனிமேல் எல்லா இடத்திலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர் தனக்குப் பிடித்த நான்காவது எழுத்துக்கூட்டலைப் போட்டுவிடுவார்.

பெறுபேற்று அறிக்கையோடு, நீங்கள் படித்த பாடங்களின் விபரக் கோவை ஒன்றையும் சொந்தமாகத் தயாரியுங்கள். கணிதப் பாடங்கள், நிரலாக்கப் பாடங்கள், விஞ்ஞானப் பாடங்கள் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை மணித்தியாலம், என்னென்ன தலைப்பு என்று மூன்று நான்கு வரி. தெரிவுக் குழு செய்கிற வேலையே இதுதான்: தங்கள் தேவைப் பட்டியலுக்குப் பக்கத்தில் உங்கள் பாடங்களை வைத்துப் பொருத்திப் பார்ப்பது. நம் நாட்டுப் பாடக் குறியீடுகளைப் பார்த்து அவர்களுக்கு ஒன்றும் விளங்காது. பொருத்துகிற வேலையை நீங்களே செய்து கொடுத்தால் பாதிச் சந்தேகம் போய்விடும்.

பரிந்துரைக் கடிதத்துக்கு, பட்டம் முடித்து நாலைந்து வருடம் ஆகியிருந்தால் சேர் உங்களை மறந்திருப்பார். கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை, அவர் வருடத்துக்கு நூறு பேரைப் பார்க்கிறார். எந்த வருடம், எந்தப் பாடம், என்ன புள்ளி, இறுதி வருடச் செயற்றிட்டம் எது என்று ஒரு பக்கத்தில் எழுதி, புதிதாகச் செய்த கணிப்பு அறிக்கையையும் இணைத்து அனுப்புங்கள். கடைசித் திகதிக்கு ஆறு கிழமைக்கு முன் கேளுங்கள். இரண்டு கிழமை இருக்கையில் பணிவாக ஒரு நினைவூட்டல். பேராசிரியராக இருந்தும் உங்களைத் தெரியாதவரைவிட, உங்கள் விடைத்தாளைத் திருத்திய இளம் விரிவுரையாளர் எழுதுகிற கடிதம் கனமானது.

ஆங்கிலத் தேர்ச்சிக்கு பெரும்பாலும் ஐ.ஈ.எல்.ரி.எஸ் 6.5 கேட்பார்கள். பெறுபேறு இரண்டு வருடம் செல்லும். பட்டம் ஆங்கில மொழிமூலம் என்ற கடிதத்தையே ஏற்கிற இடங்களும் உண்டு, காசு கட்ட முன் பாருங்கள்.

நோக்கக் கடிதம்

“சிறுவயதிலிருந்தே எனக்குக் கணினியில் தீராத ஆர்வம்” என்று தொடங்காதீர்கள். அந்த வரியை அவர்கள் அன்றைக்குக் காலையிலேயே பத்துத் தடவை வாசித்திருப்பார்கள். “வெப்பச் சமன்பாட்டுக்கு நான் எழுதிய நிரல், நேரப் படி அரைச் செக்கனைத் தாண்டியதும் வெடித்தது, ஏனென்று தேடப்போய் உறுதிநிலை பற்றிக் கற்றேன், உங்கள் பாடநெறியின் இரண்டாம் பருவத்தில் அதற்கான பாடம் இருக்கிறது” என்று எழுதிப் பாருங்கள். மூன்று வரியில் ஆளும் தெரிகிறார், காரணமும் தெரிகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சிலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். லயத்து வாழ்க்கையின் கஷ்டத்தை இரண்டு பக்கம் எழுதி இரக்கம் தேடாதீர்கள். அம்மா கொழுந்து பறித்துப் படிக்க வைத்தார் என்பது உண்மை, பெருமை. ஒரு வரியில் சொன்னால் போதும். உதவித்தொகை விண்ணப்பத்தில் குடும்ப வருமானம் கேட்பார்கள், அந்தக் கதைக்கு அதுதான் இடம். நோக்கக் கடிதத்தில் நீங்கள் என்ன செய்யக்கூடியவர் என்பது வரட்டும்.

அனுப்புகிற நாள்

ஜேர்மனியின் பல பல்கலைக்கழகங்கள் யூனி அசிஸ்ட் என்ற பொது வாயில் வழியாக விண்ணப்பம் வாங்குகின்றன. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. சுவீடனுக்கு ஒரே விண்ணப்பத்தில் நான்கு பாடநெறிவரை, 900 குரோனர். கடைசித் திகதி ஜனவரி நடுப்பகுதி. பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துகிற, ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டூஸ் கூட்டுப் பாடநெறிகளுக்கு விண்ணப்பக் கட்டணமே இல்லை, உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ. உங்கள் வங்கி அட்டை வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்திருக்கிறதா என்று வங்கியில் ஒரு கிழமைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். கடைசி இரவில் அட்டை மறுக்கப்பட்டால் யாரும் உதவ மாட்டார்கள்.

கோடைகாலத்தில் ஜேர்மனியின் நள்ளிரவு நமக்கு அதிகாலை மூன்றரை, குளிர்காலத்தில் நாலரை. நேரம் மிச்சம் இருக்கிறதே என்று நம்பி உட்கார வேண்டாம். சித்திரை மாதத்துப் பின்னேர இடிக்கு எங்கள் பக்கம் கரண்ட் போகும், ரௌட்டர் எரியும், டவரும் படுத்துவிடும். நான் கடைசித் திகதிக்கு நாலு நாள் முன்பு, ஹட்டனில் நண்பன் வீட்டில் போய் இருந்து அனுப்பினேன். இணைய நேர்முகமும் அங்கேதான். வீட்டில் சிக்னல் வேண்டுமென்றால் மேட்டு லயத்துப் பைப்படிக்குத்தான் போக வேண்டும். அங்கே நின்றுகொண்டு ஐகன் பெறுமானம் மாதிரியான கணிதத்தை விளக்க முடியாது.

காசும் விசாவும்

ஜேர்மன் மாணவர் விசாவுக்கு, வருடச் செலவை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். 2024 செப்டெம்பரிலிருந்து அது 11,904 யூரோ. மாதம் 992 யூரோ என்று அங்கே போனபின் உங்களுக்கே திரும்பக் கிடைக்கும். தொகை அவ்வப்போது மாறும், விண்ணப்பிக்கிற மாதத்தில் பாருங்கள். தோட்டக் குடும்பத்துக்கு இது மலைப்பான தொகை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆகவே உதவித்தொகை விண்ணப்பம் பாடநெறி விண்ணப்பத்துக்கும் முந்திய வேலை. ஜேர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையும் எராஸ்மஸ் முண்டூசும் பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு முன்பே கதவைத் திறந்து மூடிவிடும். இந்தியாவில் படிக்க இந்தியத் தூதரகம் வருடந்தோறும் அறிவிக்கிற புலமைப்பரிசில்களும் உண்டு. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக 1947 இல் தொடங்கிய இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி அறக்கட்டளை உயர்தர, பல்கலைக்கழக மாணவர்களுக்கு உதவுகிறது. தம்பி தங்கச்சிமாருக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

வீட்டை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி முடக்கக் கணக்கை நிரப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு வருடம் பிந்தினாலும் உதவித்தொகைக்கு மறுபடி முயலுங்கள். பகுதிநேர வேலை செய்து அடைக்கலாம் என்பார்கள். மாணவர் வருடத்துக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம் என்பது சட்டம், ஆனால் முதல் பருவத்தில் அதற்கு நேரம் கிடைக்காது.

முதல் பருவம்

மொழியில் தொடங்குகிறேன். உயர்தரத்தில் தமிழில் படித்த நமக்குத் தாயம் என்றால் தெரியும், மேட்ரிக்ஸ் என்றால் ஒரு கணம் யோசிப்போம். காவி வெக்டர், வகையீடு டிஃபரன்சியேஷன், தொகையீடு இன்டகிரேஷன், நிகழ்தகவு புரொபபிலிட்டி. பட்டப்படிப்பில் ஆங்கிலத்துக்கு மாறியிருந்தாலும் அவசரத்தில் மனது தமிழில்தான் கணக்குப் போடும். போக முன், ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் ஆங்கிலமுமாகக் கொப்பி ஒன்றில் நூறு சொல் எழுதிவைத்துக்கொண்டேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, என் பக்கத்தில் இருந்த சீன மாணவரும் அதே மாதிரிக் கொப்பி வைத்திருந்தார்.

விரிவுரைகளைவிட வாராந்தப் பயிற்சித் தாள்தான் உங்களை ஓட்டும். பல பாடங்களில் பயிற்சிப் புள்ளியில் பாதியாவது எடுத்தால்தான் பரீட்சைக்கே விடுவார்கள். பருவத்துக்கு 30 திறமைப்புள்ளிப் பாடங்கள் என்பது, ஒரு திறமைப்புள்ளிக்கு 30 மணித்தியாலம் என்று கணக்குப் பார்த்தால், 900 மணித்தியாலம். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து செய்யுங்கள். நாம் தனியாகப் படித்துப் பழகியவர்கள்; விளங்கவில்லை என்று வாய் திறந்து சொல்ல எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கும் விளங்கவில்லை என்று தெரிந்தது.

பரீட்சைக்குத் தனியாகப் பதிய வேண்டும். பாடத்துக்குப் பதிந்தால் பரீட்சைக்கும் பதிந்ததாக நினைத்து ஒரு பரீட்சையைத் தவறவிட்டவர் எங்கள் குழுவிலேயே இருந்தார். தோற்றால் மறுபடி எழுதலாம், ஆனால் வாய்ப்புகளுக்கு எண்ணிக்கை உண்டு.

போக முன்பே பழகிக்கொள்ள வேண்டியவை: லினக்ஸ் கட்டளை வரி, நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கிற கிட், பைத்தனில் எண் கணக்குகளுக்கான ‘நம்பை’ தொகுப்பு, அப்புறம் சி பிளஸ் பிளஸ்ஸோ ஃபோர்ட்ரானோ ஒன்று. ஃபோர்ட்ரான் 1957 இல் வந்த மொழி என்று சிரிக்காதீர்கள், வானிலைக் கணிப்பு நிரல்கள் பல இன்றும் அதில்தான் ஓடுகின்றன. கணினியில் 0.1 ஐயும் 0.2 ஐயும் கூட்டி 0.3 க்குச் சமமா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்று சொல்லும். 0.30000000000000004 என்று ஏன் வருகிறது என்பதை விளங்கிக்கொண்டு போனால் முதல் மாதம் கொஞ்சம் இலகு.

பெரிய கணினியைத் தொடுகிற நாள் வரும். நூற்றுக்கணக்கான கணினிகளை இணைத்த கொத்து அது. உள்ளே நுழைந்ததும் நீங்கள் நிற்கிற இடம் வாசல் மட்டுமே. கணிப்பு வேலையை வரிசையில் போட வேண்டும், முறை வந்ததும் வேறு கணினியில் ஓடும். எனக்கு இது தெரியாது. வாசல் கணினியிலேயே என் நிரலை முழு வேகத்தில் ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் நிரல் நிறுத்தப்பட்டிருந்தது, நிர்வாகியிடமிருந்து இரண்டு வரி மின்னஞ்சல். “மற்ற அறுபது பேரும் உள்ளே வர முடியாமல் நிற்கிறார்கள்” என்று. தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு வாங்கியது போல இருந்தது. அன்றைக்கே வரிசைக் கட்டளைகளை உட்கார்ந்து படித்தேன். நீங்கள் முதல் நாளே படியுங்கள்.

ஆய்வேடு

கடைசிப் பருவம் முழுக்க ஆய்வேடு. மேற்பார்வையாளரைத் தெரிவுசெய்யும்போது அவர் பெயரைவிட அவருடைய மாணவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எத்தனை நாளுக்கு ஒரு தடவை சந்திப்பார்? கிழமைக்கு அரை மணி தருகிறவர் போதும். மாதத்துக்கு ஒரு தடவை என்றால் யோசியுங்கள்.

தலைப்பை ஊரிலிருந்து கொண்டுபோகலாம். நான் சரிவுகளில் மழைநீர் இறங்குவதை எடுத்துக்கொண்டேன். ஊர்த் தலைப்புக்குத் தரவுதான் இடைஞ்சல். மண் மாதிரிகளின் அளவீடுகளை அரச நிறுவனங்களிடம் கேட்டால் கடிதம், அனுமதி, மறுகடிதம் என்று போகும். ஆறு மாத ஆய்வேட்டில் அதற்கு நேரம் இல்லை. ஆகவே ஒரு பருவம் முந்தியே கேளுங்கள், வராவிட்டால் எதை வைத்துச் செய்வது என்ற மாற்றுத் தலைப்பையும் மேற்பார்வையாளரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கேட்டதில் பாதிதான் வந்தது. மிச்சத்துக்கு வெளியான கட்டுரைகளிலிருந்த பெறுமானங்களை வைத்து, அவை மேலும் கீழும் மாறினால் விடை எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தேன். வாய்மொழிப் பரீட்சையில் அதிகம் கேள்வி வந்ததும் அந்தப் பகுதியில்தான்.

எல்லாம் முடிந்து பட்டச் சான்றிதழை வாங்குகிற மேசையை விட்டு நகர முன், கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். என்னுடையதில் ஓர் ‘எச்’ காணாமல் போயிருந்தது. அங்கேயே சொன்னதால் மூன்று நாளில் திருத்தித் தந்தார்கள்.